கொச்சிக்குப் போயிட்டு வந்தவங்க

உட்காருங்கக்கா, இந்த சீட்டு காலிதான். பையைக் கீழ வெக்காதீங்க, யாரோ தண்ணி கொட்டியிருக்காங்க. இப்படிக் குடுங்க, என் பையோட சேர்த்து மடியில வெச்சுக்கறேன். நீங்க எங்க, திருச்சூருக்கா? நாங்க கொச்சிக்கு. ஆமாங்க, டூர்தான். டிரைவருக்குப் பின்னாடி ஜன்னலோரமா வாயைத் திறந்துட்டுத் தூங்கறாங்க பாருங்க, அவங்க என் மாமியார். பக்கத்துல பச்சைச் சட்டை போட்டுப் புள்ளையைத் தோள்ல சாய்ச்சுட்டு உட்கார்ந்திருக்கறது எங்க வீட்டுக்காரர். அவருக்கு அந்தப் பக்கம் மீசைக்காரர் திருமூர்த்தி, எனக்குக் கொழுந்தன் முறை. மூணு பேர் சீட்டுல மூணு பேரும் உட்கார்ந்தாச்சு. எனக்குத்தான் இடமில்லாம பின்னாடி வந்துட்டேன்.

டூர்தான். ஆனா இது எங்க டூர் இல்லைங்கக்கா. எங்க டூர் முடிஞ்சு போச்சாம். நானும் அவரும் ஜோடியா கொச்சிக்குப் போயி, கடல் பார்த்து, காட்டுக்குள்ள ஜீப்புல சுத்தி, திரும்பியும் வந்துட்டோமாம். ஊரே சொல்லுது. நான் இந்த ரோட்டுல இன்னிக்குத்தான் முதல் தடவையா வர்றேன்.

சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

எங்களுக்கு உடுமலைப் பக்கம். தென்னந்தோப்பு இருக்கு, மாடு இருக்கு. கல்யாணமாகி, புள்ளை பள்ளிக்கூடம் போற வயசும் ஆயிருச்சு. இத்தனை வருசத்துல நானும் அவரும் மட்டும் சேர்ந்து போன இடம்னு ஒண்ணு இருந்தா அது கால்நடை ஆஸ்பத்திரி. அங்கயும் நடுவுல மாடு. வீட்ல பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனா நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதுன்னு பார்த்தா, தண்ணி பாய்ச்சியாச்சா, தவிடு தீர்ந்து போச்சு, புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா, அவ்வளவுதான். ஒரு நாள் தவிட்டு மூட்டையை ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தூக்கறோம். அவர் மூஞ்சி ரொம்பப் பக்கத்துல வந்துச்சு. பார்த்தா காதோரம் நரைச்சிருக்கு. எப்ப நரைச்சுதுன்னு எனக்குத் தெரியலைங்கக்கா. கூடவே இருக்கற மனுசன், எனக்குத் தெரியாம நரைச்சிருக்கார்.

மூட்டையை இறக்கி வெச்ச கையோட சொல்லிட்டேன். "ஏனுங்க, நாம ரெண்டு பேர் மட்டும் எங்கயாவது போகோணும்."

"எங்க?"

"கொச்சி டவுனு. அப்பறம் ஆலப்புழையில கடலு. அப்படியே மேல ஏறித் தேக்கடியில ஜீப்பு. எறங்கினா கம்பம், தேனி, நேரா வீடு."

"ஒரே பயணத்துல டவுனு, கடலு, காடு மூணுமா?"

பின்ன? வீட்டை விட்டுக் கிளம்பறதே பெரும்பாடு. ஒரு தடவை கிளம்பினா மூணையும் முடிச்சுட்டு வந்தர்றதுதானே புத்திசாலித்தனம். போன வழியில திரும்பி வரக்கூடாதுன்னு வட்டமா வேற யோசிச்சு வெச்சிருந்தேன். நான் படிச்சது ஊர்ப் பள்ளிக்கூடந்தான், ஆனா கணக்கா யோசிப்பேன். ரூமுக்கும் ஜீப்புக்கும் போன்லயே சொல்லி வெச்சாச்சு. முதமுதல்ல சுடிதார் தைச்சேன். அவருக்குக் கடலுக்குன்னு தென்னை மரம் போட்ட அரை டவுசரு. காட்டுக்குள்ள பளபளன்னு உடுத்தக்கூடாதாமே, அதுக்கு அந்தப் பச்சைச் சட்டை.

மாட்டைப் பார்த்துக்கத் திருமூர்த்தியை வரச் சொன்னோம். அத்தை புள்ளையைப் பார்த்துக்கறேன்னுட்டாங்க. எல்லாம் சரியா வந்துச்சுங்கக்கா. அப்பறம் அத்தை காலண்டரைப் பார்த்தாங்க.

நாங்க கிளம்பறது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மேக்க சூலம். கொச்சி எங்களுக்கு மேக்க.

"வெல்லம் வாயில போட்டுட்டுக் கிளம்பினா சூலம் போயிரும்னு சொல்வாங்களேங்கத்தை?"

"அது சந்தைக்குப் போயிட்டு வாறவனுக்குக் கண்ணு. ஜோடியாக் கடல் தாண்டிப் போறவங்களுக்கு வெல்லம் எப்படிப் பத்தும்?"

"கடலைத் தாண்டலைங்கத்தை, கரையில நின்னு பார்க்கத்தான் போறோம்."

"பார்த்தா எறங்காம இருப்பியா?"

வியாழக்கிழமை போகலாம்னா அன்னிக்குத் தேங்காய் லோடு ஏத்தோணும், அவர் இருந்தே ஆகோணும். அப்பத்தான் அத்தை பரஸ்தானம்னு ஒண்ணைச் சொன்னாங்க. உங்க பக்கம் உண்டா? ஆளு கிளம்ப முடியாட்டி நல்ல நேரத்துல பையை மட்டும் கிளப்பி, போற திசையில ஊரு எல்லை தாண்டி வேற ஒருத்தர் இடத்துல வெச்சுரோணும். பை கிளம்பிட்டா பயணம் கிளம்பின மாதிரி. அப்பறம் எந்தக் கிழமை போனாலும் சூலம் தீண்டாதாம்.

எனக்கு நல்ல யோசனையாத்தான் பட்டுது. ஊருக்கு மேக்க கிட்டுசாமி மாமா தோட்டம். அவங்க ரோட்டு மேல புது வீடு கட்டிப் போயிட்டாங்க, தோட்டத்துக்குள்ள அவங்க முன்னால இருந்த வீடு, சாளைன்னு சொல்வோம், அது சும்மாத்தான் பூட்டிக் கிடக்குது. வியாழக்கிழமை காலையில நல்ல நேரத்துல திருமூர்த்தி பையைத் தூக்கிட்டுப் போனார். அத்தை வாசல்ல நின்னு, பைக்கு, பைக்குத்தாங்கக்கா, "பத்தரமாப் போயிட்டு வா சாமி"ன்னு சொன்னாங்க.

சாயந்திரம் லோடு ஏத்தி முடிச்சு அவர் வீட்டுக்குள்ள கால் வெக்கறார், அத்தை கையை நீட்டி மறிச்சுட்டாங்க. "பை போயிருச்சு, நீங்க ரெண்டு பேரும் போன மாதிரிதான். இனிப் பயணம் முடியாம வாசப்படி மிதிச்சா முறிஞ்சு போகும். சுகந்தி, நீயும் வெளிய வா." அடுப்புல பால் பொங்குதுங்கக்கா. "திருமூர்த்தி எறக்கி வெப்பான், நீ ஊர்ல இல்லை"ன்னுட்டாங்க.

சரி, ஒரு ராத்திரிதானேன்னு சாளைக்குப் போய்ப் படுத்தோம். விடிஞ்சதும் பஸ் ஏறத் தலைசீவி, சுடிதாரெல்லாம் போட்டுட்டு வெளிய வர்றேன். வேலியோரத்துல அத்தை நிக்கறாங்க. எங்களைப் பார்க்கலை. அங்க இருக்கற தென்னை மரத்தைப் பார்த்துட்டு, "செங்கோடப்பாரு போயிட்டாராமா"ங்கறாங்க.

செங்கோடப்பாரு எங்க பங்காளி வகையில மூத்தவர். பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப்பேரனையும் எடுத்தவர்.

"அய்யோ, எப்பங்கத்தை?"

"நான் உனக்குச் சொல்லலை கண்ணு, மரத்துக்குச் சொல்றேன். பயணம் போனவங்களுக்குச் சேதி சொல்லித் தெரிஞ்சா தீட்டு ஒட்டிக்கும். உன் காதுல எதாச்சும் விழுந்துச்சா?"

"இல்லைங்கத்தை."

"அதான் என் மருமக."

"அப்ப நாங்க பஸ் ஏறிடறோங்கத்தை."

அத்தை மரத்துக்கிட்டயே பதில் சொன்னாங்க. "பஸ்ஸு நிக்கறது எளவு வீட்டு வாசல்ல. பங்காளி சனம் பூராம் அங்கதான் உட்கார்ந்திருக்குது. நீங்க நேத்தே கொச்சி போய்ச் சேர்ந்தாச்சுன்னு எல்லாத்துக்கும் சொல்லிப்போட்டேன். கொச்சி போய்ச் சேர்ந்தவங்க இன்னிக்கு இங்க பஸ்ஸு ஏறினா நல்லாவா இருக்கும்?"

எனக்கு அழுகையே வந்துருச்சு. "டூரே வேண்டாங்கத்தை. வீட்டுக்கு வந்து குளிச்சுட்டு எளவுக்குப் போறோம்."

"பை?"

அவ்வளவுதான். பை போயிருச்சு. வீட்டுக்கும் போகக்கூடாது, பஸ்ஸுக்கும் போகக்கூடாது. எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணினார்ங்கறீங்க? போனை எடுத்து அணைச்சுட்டு, "சரி, பல்லு விளக்கலாம் வா"ங்கறார்.

அன்னிக்கு மத்தியானம் பறை அடிக்கற சத்தம் சாளை வரைக்கும் கேட்டுது. எடுத்துட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சுச்சு. அவர் துண்டை இடுப்புல கட்டிட்டு, சத்தம் வர்ற திக்கு பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு நின்னார். சத்தம் நிக்கற வரைக்கும் நின்னார். கிணத்துல அவருக்கு நீச்சல் பழக்கினதே அந்த அப்பாருதானாம். முதுகுல சுரைக்குடுக்கை கட்டித் தள்ளி விட்டாராம். எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

ரெண்டு நாள் பொறுத்தா கூட்டம் குறையும்னு பார்த்தா, கருமாதி முடியற வரைக்கும் ஒறம்பரை, சொந்தக்கார சனம், வந்துக்கிட்டே இருக்குது. எப்பப் பாரு பஸ் நிக்கற இடத்துல சனம். நாங்க சாளையிலயே கிடந்தோம். வழிக்குன்னு கட்டி வெச்சிருந்த புளிசோறும் முறுக்கும் தீர்ந்து போச்சு. அப்பறம் அத்தை தினம் ஒரு போசியில சோறு கொண்டு வந்து வரப்புல வெச்சுட்டு, "இங்க யாராச்சும் இருந்தா திங்கட்டும்"னு தென்னை மரத்துக்கிட்டச் சொல்லிட்டுப் போவாங்க. "குழம்புக்கு உப்புப் பத்தலைங்கத்தை"ன்னு நான் சொன்னா, காதுல வாங்காம மறுநாள் சரியாப் போட்டுக் கொண்டு வருவாங்க.

பையில இருந்தது பூராம் டூர் துணிதானே? நான் சுடிதாரோட பூசணிக்காய் பறிக்கறேன், அவர் தென்னை மரம் போட்ட அரை டவுசரோட வரப்புல நடக்கறார். நல்லவேளை யாரும் பார்க்கலைன்னு நினைச்சுட்டிருந்தேன்.

ஒரு நாள் அத்தை கையைப் புடிச்சுட்டு எங்க புள்ளை வந்துட்டா. தன்ஷிகான்னு பேரு. அவகிட்ட அம்மா அப்பா கொச்சிக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வெச்சிருக்காங்க. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கிட்டு, சுத்திமுத்தும் பார்த்துட்டுக் கேக்கறா, "அம்மா, இதுதான் கொச்சியா?"

நான் அவர் மூஞ்சியைப் பார்க்கறேன். அவர் சொல்றார், "ஆமா சாமி, இதான்."

"நம்ம கிட்டுசாமி தாத்தா தோட்டமாட்டவே இருக்குது!"

போயி ஊர்ல எல்லார்கிட்டயும், பள்ளிக்கூடத்துல டீச்சர்கிட்டயும், கொச்சி பார்த்தேன், அங்க பூசணிக்காய் இருக்குதுன்னு சொல்லியிருக்கா.

எனக்கு அவர் மேலதாங்கக்கா கோவம். நாலாம் நாளோ என்னவோ, நான் ஒரு வழி கண்டுபுடிச்சேன். வாய்க்கா மேட்டோடயே நடந்து போனா அடுத்த ஊரு. அங்க பஸ் ஏறிட்டா யாருக்கும் தெரியாது. கொச்சியில தங்கறதுதான் போச்சு, கடலாவது கிடைக்கும். சொன்னா, அவர் காலைத் தூக்கிக் காட்டறார். "முள்ளு குத்திருச்சு புள்ளே, நடக்க முடியாது."

ஊக்கை எடுத்து உள்ளங்காலு பூராம் தேடறேன். முள்ளும் இல்லை ஒண்ணும் இல்லை. "இன்னும் கொஞ்சம் மேல பாரு, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் பாரு"ன்னு சொல்லிட்டுச் சுகமாப் படுத்திருக்கார். இப்படி ஒரு சோம்பேறியை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

எனக்கு வேலை இல்லாம இருந்து பழக்கமே இல்லைங்கக்கா. மாடு இல்லை, அடுப்பு இல்லை, கூப்பிட ஆள் இல்லை. என்ன பண்றது? மோட்டார் தண்ணி விழற தொட்டித் திட்டு மேல உட்கார்ந்து பேசிட்டே இருக்க வேண்டியதாப் போச்சு. அவர் வாயில இத்தனை பேச்சு இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு இவர் டிவியையே பார்த்துட்டிருந்தார்னு இத்தனை வருசமா நான் மனசுல வெச்சிருந்தேன். அது டிவி இல்லையாம். டிவி கண்ணாடியில நான் பின்கட்டுல கோழி விரட்டறது தெரிஞ்சுதாம். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிட்டு, தலையில பூவோட, விளக்குமாத்தை எடுத்துட்டுக் கோழி பின்னாடி ஓடினேனாம். அதைப் பார்த்துத்தான் சரின்னு சொன்னாராம். இதையெல்லாம் கேட்டு என்னங்கக்கா பிரயோஜனம்? கொச்சி பார்த்த மாதிரி ஆகுமா?

கடல்ல நனையறதுக்குன்னு எடுத்த துணி மோட்டார் தண்ணியில நனைஞ்சுது. மயில் கத்தினா, "சுகந்தி, மயிலு மயிலு"ன்னு மெதுவாக் காட்டறார். நான் பொறந்ததுல இருந்து கல்லெடுத்து விரட்டற மயிலு! ஒரு நாள் பொழுது சாயற நேரத்துல காட்டுப்பன்னி குட்டிகளோட வாய்க்கால்ல எறங்கிச்சு. வேற நாளா இருந்தா தகரத்தைத் தட்டியிருப்பார். அன்னிக்கு என் கையை அழுத்திப் புடிச்சு, "அசையாத"ன்னார். அசையாமத்தான் உட்கார்ந்திருந்தோம். பன்னி தண்ணி குடிச்சு, சேத்துல புரண்டு, போயே போயிருச்சு. கையை விடலை. புலி பார்க்கப் போகவேண்டியவ பன்னி பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன், எனக்கு எப்படி இருக்கும்?

கருமாதி அன்னிக்குப் போசியில கறிச்சோறு வந்துச்சு. நல்ல வெள்ளாட்டுக் கறி. அத்தை மரத்துக்கிட்ட, "எளவு வீட்டுல குடுத்து விட்டாங்க, யாருக்கோ"ன்னாங்க. நானும் பசியில கவனிக்கலை.

அப்பாடா, இனி ரோடு காலி, கிளம்பலாம்னு பையை அடுக்கறேன். அத்தை வரப்புல திரும்பி நின்னு, "இன்னிக்குத் திரும்பி வர்றதா ஊர்ல சொல்லியிருக்கேன்"ங்கறாங்க. போகாமயே எப்படிங்கத்தை திரும்பி வர்றதுன்னா, "பை போச்சல்லோ?"ங்கறாங்க. வேற வழி? வாய்க்கா மேட்டுல நடந்து அடுத்த ஊரு போனோம். முள்ளுக் குத்தின மனுசன் எனக்கு முன்னாடி நடக்கறார். கேட்டா, இப்பத்தான் சரியாச்சுங்கறார். உடுமலை பஸ் ஸ்டாண்டுல நேந்திரம் சிப்ஸ் வாங்கிட்டு, பஸ் ஏறி எங்க ஊர்லயே வந்து எறங்கினோம். அத்தை ஆரத்தி கரைச்சு வெச்சுட்டு நிக்கறாங்க.

செங்கோடப்பாரு சம்சாரம், எங்களுக்கு ஆத்தா முறை, பஸ் நிக்கற அந்த எளவு வீட்டு வாசல்லயே கட்டில்ல உட்கார்ந்திருந்தாங்க. துக்கம் கேக்கப் போனேன். அவங்க என் கையைப் புடிச்சுட்டு, "கடலு எப்படி இருந்துச்சு கண்ணு?"ன்னு கேட்டாங்க.

"பெருசா இருந்துச்சுங்காத்தா."

"உப்புக் கரிச்சுதா?"

"வாயில வெக்கலைங்காத்தா."

"கறிச்சோத்துல உப்பு சரியா இருந்துச்சா?"

அப்பத்தாங்கக்கா எனக்கு விளங்குச்சு. ஊருக்கே தெரியும். முதல் நாள்ல இருந்தே தெரியும்! அந்தத் தென்னை மரம் போட்ட டவுசரு ரோட்டுல இருந்து பார்த்தாலே தெரிஞ்சுதாம். தெரிஞ்சும் ஒருத்தர்கூட அந்தத் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்கலை, ஒரு வேலைக்குக் கூப்பிடலை. ஊர்ல இல்லாதவங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு கேக்கறாங்க.

தெரிஞ்சவங்களே வந்து உட்கார்ந்து கடலைப் பத்திச் சொல்லுன்னா நான் என்ன பண்றது? ஆத்தாளும் துக்கத்துல இருக்காங்க, அவங்க மூஞ்சி கொஞ்சம் தெளியட்டும்னு சொன்னேன். அலை வந்து கால்ல இருக்கற மண்ணை உருவிட்டுப் போறது, கப்பல் தூரத்துல எறும்பாட்டத் தெரியறது, ஜீப்பு முன்னாடி யானை வந்து நின்னு எங்க வீட்டுக்காரர் மூஞ்சியை உத்துப் பார்த்தது. யானை பார்த்ததுக்கு ஆத்தா சிரிச்சாங்க. ஆனா பக்கத்துல உட்கார்ந்திருந்த அத்தை சிரிக்கலை. வாயைத் திறந்துட்டுக் கேட்டாங்க. நான் எங்கயும் போகலைன்னு அவங்களுக்குத் தெரியாதா? சோறு கொண்டு வந்ததே அவங்கதானே? அப்படியும் வீட்டுக்கு வந்து மகன்கிட்ட, "நீங்க ரெண்டு பேரும் போயிப் பார்த்துட்டு வந்துட்டீங்க. நான் கண்ணை மூடறதுக்குள்ள அந்த யானையைப் பார்க்க வேண்டாமா லோகு?"ங்கறாங்க.

அதாங்கக்கா இந்த டூரு. அத்தை, புள்ளை, மாட்டைப் பார்த்துக்கிட்டதுக்காகத் திருமூர்த்தி. இப்ப மாட்டைப் பார்த்துக்கறது கிட்டுசாமி மாமா. நான் எதுக்குன்னா, வழி காட்டறதுக்கு. "நீ போனவதானே கண்ணு, முன்னாடி நடந்து காட்டு"ங்கறாங்க. நானும் ஊருக்கு முன்னாடி அத்தனை பேசிட்டு எந்த வாயில இல்லைங்கறது? உங்ககிட்டக் கேக்கறதுக்குத்தான் இத்தனையும் சொன்னேன். கொச்சியில எறங்கினா கடலு எந்தப் பக்கங்க?

நீங்களும் பார்த்ததில்லையா? போச்சு போங்க.

இதுல அவர் வேற. காலையில பஸ் ஸ்டாண்டுல அத்தை அந்தப் பக்கம் திரும்பினதும் காதுகிட்ட வந்து, "அடுத்த மாசம் ஒரு நல்ல நாள் இருக்குது, பார்த்துட்டேன்"ங்கறார்.

"எந்த ஊருக்குங்க?"

"ஊரை அப்பறம் பார்த்துக்கலாம். பையை மொதல்ல வெளியேத்தீரலாம்."

போற இடம் தெரியாம யாராச்சும் பை கட்டுவாங்களா? இந்த மாதிரி ஒரு விவரமில்லாத மனுசனை வெச்சுட்டு நான் என்னத்தைத் திட்டம் போடறது, சொல்லுங்க? எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு சேலையை மட்டும் மடிச்சுத் தனியா வெச்சிருக்கேன்.

பஸ் நிக்குது. டீ குடிக்கப் பத்து நிமிசமாம். நீங்க எறங்கலையா? எங்காளுக பூராம் தூங்குது. புள்ளையும் திருமூர்த்தி மடிக்குப் போயிட்டா. அவர் எங்க காணோம்? அதா, பாருங்க, கடையில அத்தனை பெஞ்சு காலியாக் கிடக்குது, அதை விட்டுட்டு அந்தக் கோடியில வாகை மரத்துக்குப் பின்னாடி ரெண்டு கிளாஸை வெச்சுட்டு நிக்கறார். வெய்யில்ல எதுக்கு அங்க போயி நிக்கோணும்? என்னைப் பார்த்துத் தலையை வேற ஆட்டறார்.

என்னன்னு கேட்டுட்டு வந்தர்றேங்கக்கா. பையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க. அத்தை முழிச்சு எங்கன்னு கேட்டா, நாங்க ஊர்ல இல்லைன்னு சொல்லிப்போடுங்க.